என் சம்பங்கியை ரோஜாவாக்கினார்கள்

1998-ல், நவராத்திரி சமயத்தில், கல்கத்தாவில் நடந்தது இது. எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது கோபம்தான். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசியில் எல்லோரும் சிரித்துச் சமாதானமாகிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் படிக்காதீர்கள்.

என் கணவருக்கு வங்கி வேலை. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா. அவரை மாஷிமா என்று கூப்பிடுவோம். நம்மூரில் பெரியம்மா என்பதுபோல. என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாஷிமா வீட்டில்தான் கிடப்பாள். தமிழைவிட பெங்காலிதான் அவளுக்கு வாயில் சரளமாக வரும். கணவர் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். மத்தியானம் முழுக்க நானும் அந்தப் பெரிய ஜன்னல்களும்தான்.

அப்படி இருந்தபோதுதான் பக்கத்துத் தெருவில் ஒரு பெங்காலிப் பெண் வீட்டு முன்னறையில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்போம். கைக்காரியம் முடித்துவிட்டுக் சில பெண்கள் வருவோம். நடுவில் ஒரு ஜாடியில் பூ இருக்கும். அதைப் பார்த்து வரைய வேண்டும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் பிடிபடவே இல்லை. எண்ணெய் வண்ணத்தைக் கேன்வாஸில் வைத்துக் குழைக்கக் கூடாது. ஒரு தீற்றல் வைத்தால் வைத்ததுதான், திரும்பத் தொடக் கூடாது. அதை ஒட்டி வேறு நிறத்தில் இன்னொரு தீற்றல். நடுவில் சந்து விழுந்தால் விழட்டும், அடியில் பூசின நிறம் எட்டிப் பார்க்கட்டும் என்பார். கிட்டே போய்ப் பார்த்தால் துண்டு துண்டாக என்னவோ சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கும். நாலடி தள்ளி நின்றால் கண்ணே எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும், பூ தெரியும். வெள்ளைப் பூவுக்கு வெள்ளை நிறத்தையே தொடாமல் வெளிர் பச்சை, ஊதா, மஞ்சள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இப்போ தள்ளிப் போய்ப் பாரு" என்பார். பார்த்தால் பளீரென்று வெள்ளை!

எனக்கோ கை சும்மா இருக்காது. ரெண்டு நிறம் சேருகிற இடத்தில் பிசிறு தெரிந்தால் உடனே தூரிகையால் நீவி விட்டுவிடுவேன். பூவெல்லாம் பிளாஸ்டிக் பூ மாதிரி வழவழவென்று வந்து நிற்கும். தீதி தலையில் அடித்துக்கொள்வார். நானும் சிரித்துவிட்டு, நமக்கு வருவது இவ்வளவுதான் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷம் மார்ச் கடைசியில் அப்பா போய்விட்டார்.

திண்டுக்கல் பூச்சந்தையில் அப்பாவுக்குக் கமிஷன் கடை. சம்பங்கிதான் அதிகம் வரும். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவர் கையில் அந்த வாசனை இருக்கும். காலையில் சந்தைக்குப் போனவர், மூட்டைகளுக்கு நடுவிலேயே சாய்ந்துவிட்டார் என்று மாஷிமா வீட்டுப் போனுக்குத் தகவல் வந்தது.

உடனே கிளம்ப வேண்டும் என்று துணியை எடுத்து வைத்துக்கொண்டு கணவருக்குப் போன் பண்ணினேன். வங்கியில் அது வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். அவர் போய் மேலதிகாரியிடம் லீவு கேட்டிருக்கிறார். "இப்போ போய் லீவா? போனவர் போயிட்டார், நீங்க போய் என்ன பண்ணப்போறீங்க?" என்று அந்த மனிதர் கேட்டாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்ன என் கணவர், அதே மூச்சில் தன் பங்குக்கும் சொன்னார். ரயிலில் போய்ச் சேர ரெண்டு நாளாகும், அதுவரை உடம்பை வைத்திருக்க மாட்டார்கள், பெண்ணுக்கு வேறு பரீட்சை, பதினாறாம் நாளுக்குப் போய்க்கொள்ளலாம் என்றார். கணக்குப்படி எல்லாமே சரியாகத்தான் இருந்தது. நான் தனியாகப் போகிறேன் என்றேன். "போய் யாரைப் பார்க்கப் போற?" என்றார். எடுத்து வைத்த துணியைத் திரும்ப பீரோவில் அடுக்கினேன். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் மாஷிமா மாடியேறி வந்தார். கையில் பெரிய கட்டாக நீளநீளக் காம்போடு ரஜனிகந்தா. அங்கே துக்க வீட்டுக்கு அந்தப் பூவைத்தான் கொண்டுவருவார்கள். ரஜனிகந்தா என்றால் வேறொன்றுமில்லை, நம் சம்பங்கிதான். அவருக்கு என் அப்பாவைப் பற்றியோ பூச்சந்தையைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. பூவை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் அழுத அழுகை கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அம்மா எனக்குக் கல்யாணத்தில் கொடுத்த பித்தளைச் செம்பு ஒன்று, வயிற்றில் நசுங்கலோடு இருந்தது. அதில் பூவை வைத்தேன். மறுநாள் கணவர் கணக்கு முடிக்க வங்கிக்குப் போய்விட்டார். பெண் பரீட்சைக்குப் போய்விட்டாள். நான் வண்ணங்களை எடுத்துக்கொண்டு அந்தப் பூவுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

சாந்தமாக வரைந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லீவு தராத மனிதர் மேல், தலையாட்டிவிட்டு வந்த கணவர் மேல், பீரோவில் துணியைத் திரும்ப அடுக்கிய என் மேல். தூரிகையை எடுத்துக் கேன்வாஸை அடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தீற்றல், விட்டேன். அடுத்தது, விட்டேன். நீவிச் சரிபண்ண வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பின்னால் கருநீலமும் செம்பழுப்புமாக அறைந்து வைத்தேன். செம்பின் மேல் ஆரஞ்சும் பச்சையும் விழுந்தன. பூ வாடிச் சாய்வதற்குள் படம் முடிந்துவிட்டது. எழுந்து சுவர் வரைக்கும் பின்னால் போய் நின்று பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து சம்பங்கி வெள்ளை வெள்ளையாக எழுந்து நின்றது. அத்தனை நாள் கைக்கு வராதது வந்திருந்தது. தீதி வந்து, கிட்டேயும் தள்ளியும் நின்று பார்த்தார். "இதைத் தொட்டுடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்துச் சுவரில் அதை மாட்டினேன். யார் வந்து கேட்டாலும், பூப் படம் என்பேன். வேறெதுவும் சொன்னதில்லை.

அப்பா போன பிறகு அம்மா ஊரில் தனியாள். கணவர் மதுரைப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார். அதற்கு மேலதிகாரி சிபாரிசு பண்ண வேண்டும். அவரும் தமிழர்தான். ஆகவே ஜூன் மாதம் கணவர் அவரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். லீவு தராத அதே மனிதருக்கு நான் வாழைக்காய் வறுவலும் மோர்க்குழம்பும் பரிமாறினேன். அப்பா போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயசம் நன்றாக இருக்கிறது என்றார்.

அதிகாரியின் மனைவியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் படம் வரைவாராம். என் படத்தின் முன்னால் போய் நின்று, "நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்கே, ஆனா முடிக்கலையே?" என்றார். முடிந்துவிட்டது மேடம் என்றேன். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்து, "அய்யே, புள்ளி புள்ளியா இருக்கே" என்றவர், தள்ளி வந்து உட்கார்ந்த பிறகு, "ஆனா இங்கிருந்து பார்த்தா என்னமோ இழுக்குது. எனக்குக் குடுத்துடேன்" என்றார். இது வேண்டாம் மேடம், வேறு ஒன்று உங்களுக்கென்று போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் போன பிறகு, "ஒரு படம்தானே" என்றார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

ஆவணியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனேன். பெண்ணை மாஷிமா பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது கூடத்துச் சுவர் காலியாக இருந்தது. ஃப்ரேம் போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னார் கணவர். பூஜை நேரம், கடைக்காரர் இழுத்தடிக்கிறார் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் கேட்காமலே இவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று அன்றைக்கு அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு போண்டா போட்டுக் கொடுத்தேன். ஏமாந்ததைவிட, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்னும் எனக்கு எரிகிறது.

நவராத்திரி வந்தது. சால்ட் லேக்கில் மேடம் வீட்டில் பெரிய கொலு வைப்பார்கள். கல்கத்தாவில் தெருவெல்லாம் துர்கா பூஜைப் பந்தலும் தாக் மேளச் சத்தமுமாக அமர்க்களப்படும்போது, இந்த மாதிரி சில வீடுகளில் மட்டும் சுண்டல் வாசனை வரும். தமிழ்ப் பெண்கள் எல்லோரும் பட்டுப் புடவையில் வந்து கூடுவோம். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண் மாஷிமா வீட்டுப் பிள்ளைகளோடு பந்தல் பார்க்கக் கிளம்பிவிட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் போனோம். வழியெல்லாம் கணவர் வாயே திறக்கவில்லை. கூட்டத்தால் எரிச்சல்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டு வாசலில் நின்று பெல்லை அழுத்தினார். அழுத்திவிட்டுத்தான் சொன்னார்.

"உன் படத்தை இவங்களுக்குக் குடுத்துட்டேன். உள்ள ஒண்ணும் காட்டிக்காத."

நான் அவர் பக்கம் திரும்புவதற்குள் கதவு திறந்துவிட்டது. மேடம் குங்குமச் சிமிழோடு நிற்கிறார். அவர் எனக்குக் குங்குமம் வைத்தபோது என் நெற்றி கொதித்தது அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். இந்த ஆள் எத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு என் கையால் சாப்பிட்டார் என்றுதான் எனக்கு ஓடியது. சொல்ல வேண்டிய இடமாக அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தாரே, அங்கே நான் கத்த மாட்டேன் என்று தெரிந்துதானே!

ஆண்கள் எல்லோரும் அடுத்த அறையில் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். கணவர் நேரே அங்கே போய்விட்டார். நான் பெண்களோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். கண் என் படத்தைத்தான் தேடியது. எந்தச் சுவரிலும் காணோம். கொலுப்படிக்கு மேலே மட்டும் தங்கநிற ஃப்ரேமில் ஒரு ரோஜாப் படம். இளஞ்சிவப்பு ரோஜா, பின்னால் வழவழவென்று ஆகாய நீலம், ஓரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. காலண்டரில் வருகிற மாதிரி. சரி, என் படத்தை உள்ளறையில் எங்கேயாவது வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

யாரோ பாட ஆரம்பித்தார்கள். நான் சும்மா அந்த ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஜாவைத் தாங்குகிற ஜாடி எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வயிற்றில் நசுங்கல். அதன் மேல் ஆரஞ்சும் பச்சையும் தனித்தனித் தீற்றலாக.

நம் குழந்தைக்கு யாரோ மொட்டையடித்து, வேறு சட்டை போட்டு, வேறு பெயர் வைத்து நம் முன்னாலேயே நிறுத்தினால் எப்படி இருக்கும்? செம்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின் மேலும் வண்ணம் பூசியிருந்தார்கள். ஒரு பூவைக்கூட விடவில்லை. சம்பங்கி ஒவ்வொன்றையும் ரோஜாவாக்கி, இதழ் இதழாகத் தடவி, நீவி, பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். கீழே மூலையில் மேடத்தின் பெயரெழுத்துகள்.

பாட்டு முடிந்ததும் ஒருவர், "மேடம், இது நீங்க போட்டதா? அப்படியே பறிச்சுத் தலையில வெச்சுக்கலாம் போல இருக்கு!" என்றார். மேடம் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. பிறகு நான் இருப்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, என்னைக் காட்டி, "இவதான் ஆரம்பிச்சு அரைகுறையா விட்டிருந்தா. பாவமேன்னு நானே உட்கார்ந்து முடிச்சேன். எத்தனை நாள் வேலை தெரியுமா? ஒரே வெள்ளைப் பூ, பின்னால இருட்டு. நல்ல நாள் அதுவுமா மாட்டறதுக்கு, சாவு வீடு மாதிரி இருந்துது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து மேடம் என்னைப் பார்த்தார்.

"அது சாவு வீடுதான் மேடம்" என்றேன்.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உரக்கக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அறை அடங்கிவிட்டது. வெளியே பந்தலில் தாக் அடிப்பது மட்டும் கேட்டது. "எங்க அப்பா செத்த மறுநாள் வந்த பூ அது. அவர் முகத்தை நான் பார்க்கல. அந்தப் பூவைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மூலையில் ஒரு மர ஸ்டூல் இருந்தது, மேல்படிப் பொம்மைகளை எட்டி வைப்பதற்காகப் போட்டது. அதைக் கொலுப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறினேன். ஒரு கால் குட்டை, ஆடியது. மேடம் பதறிப்போய், "என்ன பண்றே? கொலு வெச்ச வீட்டுல என்ன இது?" என்று எழுந்தார். யாரும் பக்கத்தில் வரவில்லை. பட்டுப் புடவையோடு அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர், குழந்தையைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் இறக்கிவிட்டு வந்து ஸ்டூலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எடுங்க. நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் கணவரும் அதே அலுவலகமாகத்தான் இருந்திருக்கும். அவருக்கும் ஏதாவது மாற்றல், ஏதாவது சிபாரிசு இருந்திருக்கும். பிடித்துக்கொண்டார்.

ஆணியிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சத்தம் கேட்டு ஆண்கள் வந்துவிட்டார்கள். கணவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "கீழ வை" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அதிகாரி, "உங்க வீட்டுக்காரர் குடுத்ததும்மா அது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை கலாட்டா?" என்றார்.

"அவருடையதா இருந்தா அவர் குடுக்கலாம் சார். இது என்னுது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசில்லை. "எங்க அப்பா செத்தப்ப இவருக்கு ஒரு நாள் லீவு குடுக்க உங்களுக்கு மனசு வரல. அதுவும் சின்ன விஷயம்தான், இல்லையா சார்?"

அவருக்கு நினைவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யார் அப்பா, எப்போது செத்தார் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சநஞ்சமிருந்த பயமும் போய்விட்டது.

கணவர் என்னோடு வரவில்லை. "நீ போ. நான் இவங்ககிட்ட பேசிட்டு வரேன்" என்று அங்கேயே நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு.

படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பூஜைக் கூட்டம். ஆட்டோக்காரர் எவரும் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால், ஃப்ரேமை மார்போடு அணைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து ஏதோ சாமி படம் என்று நினைத்துக்கொண்டார்கள்போல, ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிவிட்டார். எல்லோரும் புதுத்துணியில், சிரித்துக்கொண்டு, ஊரே வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. நான் அந்த வெளிச்சத்தின் நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

விஜயதசமி முடிந்து படத்தைத் தீதியிடம் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்ததும் அவர் பெங்காலியில் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. நகத்தால் ஒரு ரோஜாவை அழுத்திப் பார்த்தார். பதிந்தது. மேலே பூசியது இன்னும் ஈரம்தான், கல்கத்தா மழைக்காலத்தில் எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. அடியில் இருப்பதோ ஆறு மாதத்துக்கு மேல் ஆனது, இறுகிப்போயிருக்கும். டர்பன்டைனில் பஞ்சைத் தோய்த்துப் பட்டும் படாமலும் துடைத்துப் பார், வந்தால் உன் அதிர்ஷ்டம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதல் ரோஜா பஞ்சில் சிவப்புச் சேறாக வந்தது. வண்ணத்துப்பூச்சி ஒரே தடவையில் போனது. அதைத் துடைத்தபோது கிடைத்த திருப்தியை மறைக்க மாட்டேன். நீலத்துக்குக் கீழிருந்து என் கருநீலம், செம்பழுப்பு. பிறகு மெல்ல ஒரு பச்சைத் தீற்றல், பக்கத்தில் ஊதா, பக்கத்தில் மஞ்சள். அப்பா இறந்த மறுநாளைக்கு மறுநாள் என் கை எங்கெங்கே இறங்கியதோ, அங்கங்கே.

எல்லாம் வந்துவிடவில்லை. கனமாகப் பூசிய இடங்களில் என் வண்ணமும் சேர்ந்து பெயர்ந்துவிட்டது. ஒரு காம்பு முழுக்கவே போயிற்று. வலது ஓரத்துப் பூக்களில் சிவப்பு ஏறி நின்றது, இன்றைக்கும் நிற்கிறது.

கணவர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "நான் உன்கிட்ட கேட்டிருக்கணும்" என்றார்.

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். "கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். "அதனாலதான் கேக்கல."

பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். உண்மையைச் சொன்னார். அந்த உண்மைக்காக அவரை மதித்தேனா என்றால், இல்லை. முன்பைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என் விருப்பம் தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துகொண்டு அதைச் சுற்றிப் போயிருக்கிறார். அன்று நான் பேசியதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து முழுங்கியது எல்லாம் வந்தது. லீவு இல்லை என்றதும் தலையாட்டிவிட்டு வந்தது, "யாரைப் பார்க்கப் போற" என்று கேட்டது, ஃப்ரேம் போடக் கொடுத்ததாகச் சொல்லி போண்டா சாப்பிட்டது வரைக்கும். கீழே மாஷிமா வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். கேட்கட்டும் என்று இருந்தது.

அடுத்த வருஷம் மாற்றல் உத்தரவு வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. எங்களுக்கு மதுரை கிடைத்தபோது, அம்மா தனியாகவே நாலு வருஷத்தைக் கடத்தியிருந்தாள். நான் அந்தப் படத்தை எடுத்ததால்தானா, இல்லை எடுக்காவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா, தெரியாது. என் கணவர் ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அம்மா போனில், பரவாயில்லை, நான் இருந்துக்கறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டூலில் ஏறியதுதான் நினைவுக்கு வரும். அந்த விலையை நான் கொடுக்கவில்லை, அம்மா கொடுத்தாள். அதை மறந்துவிட்டு, நான் ஏதோ வீரச்செயல் பண்ணிவிட்டதாக இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மேடம் அதற்குப் பிறகு என்னை எதற்கும் கூப்பிடவில்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் தெரிந்த ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார்: "நல்லதுதானே பண்ணினேன், அதுக்குப் போய் யாராவது கோவிச்சுப்பாங்களா?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஆசையாகத்தான் பூசியிருப்பார். அதுதான் எனக்கு ஆற்றாமை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

மதுரை வீட்டில் கூடத்தில் அது இப்போது மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஏன் சிவப்பு என்று கேட்பார்கள். கணவர் பதில் சொல்லட்டும் என்று நான் சும்மா இருப்பேன். சில நாள் சொல்வார், சில நாள் எழுந்து உள்ளே போய்விடுவார். என் பெண் கல்யாணமாகிப் போகும்போது அவளுக்கு நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கோபம் வந்தால் அடக்காதே, கத்தாமல் சொல், சொல்லிவிட்டு அங்கேயே நில் என்று மட்டும் சொன்னேன்.

அப்பாவின் பாடை தூக்கும்போது நான் இல்லை, வாய்க்கரிசி போடவில்லை, பதினாறாம் நாள் போய் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அவருக்காக நான் என் கையால் செய்த ஒரே காரியம், அத்தனை பேர் பார்க்க அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதுதான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.